மயிலை தின்ற மூட்டை

அத்தியாயம் 14

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்று எந்தப் புண்ணியவானோ சொல்லிவிட்டுப் போய்விட்டான். சங்கரகணேஷ் ஆயிரமெல்லாம் சொல்லவில்லை. பெண் பார்க்கப் போகுமுன் அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"பொண்ணு மாட்டுத் தீவனக் கம்பெனியில வேலை பாக்கா."

மீனலோசினி வேலை பார்ப்பது மீன் தீவனக் கம்பெனியில். அவளும் சைவ வீட்டுப் பெண்தான். கவுன்சிலிங்கில் கிடைத்தது தூத்துக்குடியில் மீன்வளப் படிப்பு; அழுதுகொண்டே சேர்ந்தாள், பிறகு விரும்பிப் படித்தாள். ஆனால் முட்டைகூட வாசல்படி ஏறாத தில்லைநாயகம் பிள்ளை வீட்டில், அதுவும் அம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒரு நாள் அபிஷேகப் பால் கொடுக்கிற கட்டளை வீட்டில், இதைச் சொன்னால் பெண் பார்க்கக் கிளம்பிய கார் தெருமுனையிலேயே திரும்பியிருக்கும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கணேஷின் புளுகு எட்டு மாதம் ஓடிவிட்டது. நேற்று வரைக்கும்.

போன வாரம் நாம் விட்ட இடம் நினைவிருக்கும். பனவடலிசத்திரத்தில் லோசினியின் தீவனத்தைச் சோதித்துப் பார்க்கிற செல்லப்பாவின் மீன் பண்ணை பூட்டிக் கிடந்தது. மனுஷன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முந்தாநாள் சாயங்காலம் கொண்டுபோன தீவன மூட்டையை ஸ்கூட்டரின் முன்பக்கம் அப்படியே வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தாள் லோசினி. எங்கே வைப்பது? வீட்டுக்குப் பின்னால் தொழுவத்தில், தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினாள். சாணி வாடையில் மீன் வாடை அமுங்கிவிடும் என்று கணக்கு. முதுகலை வரைக்கும் படித்த பெண் போட்ட கணக்கு அது.

இன்று திருவிழாவின் ஏழாம் நாள். கட்டளை நாள்.

காலை ஐந்தரைக்குத் தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு, முதல் வேலையாகத் தொழுவத்துக்குப் போனாள். எட்டு மணிக்குப் பால் கிளம்பிவிடும். அதற்கப்புறம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு செல்லப்பாவின் பண்ணைக்கு ஓட வேண்டும். இன்று அங்கே தொண்ணூறாவது நாள் எடை பார்க்கிறார்கள்.

தார்ப்பாய் நாலாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. மூட்டையைக் காணவில்லை.

வீட்டுப் பசு மயிலை தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. தொட்டி மூலையில் பழுப்பு நிறத்தில் நாலைந்து குருணைகள் ஒட்டிக் கிடந்தன.

"வா தாயி, வா!" கறந்து முடித்து எழுந்தார் மாமனார் தில்லைநாயகம். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவிழாவுக்குக் காப்புக் கட்டி ஏழு நாளாக ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. வற்றிப்போன உடம்பில் முகம் மட்டும் மலர்ந்து கிடந்தது. "ஒங்க கம்பெனித் தீவனம் என்ன தீவனம்ட்டி! நேத்து காலையில ரெண்டு படி, சாயங்காலம் ரெண்டு படி, இன்னைக்கு விடியக்காலம் ரெண்டு படி. இங்கன பாரு, ஒரு உழக்குப் பால் கூடுதலாக் கறந்துருக்கா!"

லோசினி தொட்டியில் ஒட்டிய குருணைகளைப் பார்த்தாள்.

"மாமா... அது..."

"மருமக வீட்டுப் பசுவுக்குன்னு வாங்கிட்டு வந்து, சொல்லாமக் கொள்ளாம மூடி வச்சிருக்கா. எனக்குத் தெரியாதாக்கும்! பேரும் இல்ல, படமும் இல்ல, பச்சை நூலால வாயைத் தச்ச வெறும் மூடை. கடைச் சரக்கு இல்ல, சாம்பிளு. சரியா?"

பாதி சரி. சோதனைக்குப் போகிற மூட்டைகளில் கம்பெனிப் பெயர் இருக்காது. எந்தக் குளத்துக்கு எந்தத் தீவனம் என்று பண்ணைக்காரருக்குத் தெரிந்தால் ஒன்றுக்கு மட்டும் கூடக் கவனம் வைத்துவிடுவார் என்று, சிவப்பு நூல் ஒன்றுக்கு, பச்சை நூல் இன்னொன்றுக்கு எனத் தைத்து அனுப்புவார்கள். நல்ல முறைதான். ஆனால் தொழுவத்துக்குள் இருக்கிற பெயரில்லாத மூட்டை மாட்டுத் தீவனமில்லாமல் வேறு என்னவாக இருக்கும்? அதிலும் மருமகள் மாட்டுத் தீவனக் கம்பெனியில் இருக்கும்போது?

வாடையாவது காட்டிக் கொடுத்திருக்கலாம். கொரோனா வந்து போனதிலிருந்து தில்லைநாயகத்துக்கு மூக்கு வேலை செய்வதில்லை. சாம்பிராணியும் சாம்பாரும் அவருக்கு ஒன்றுதான்.

"மிச்ச மூடை எங்கன மாமா?"

"அதெல்லாம் பத்திரமா இருக்கு. நீ போய்ப் பூஜை அறைக் கோலத்தைப் பாரு. நான் ஒரு முழுக்குப் போட்டுட்டு வாரேன்."

பித்தளைக் குடத்தில் பாலை ஊற்றி, வாழையிலையால் வாய் மூடி, பூஜை அறை வாசலில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றாள் லோசினி. கத்தவும் முடியாது, பொறுக்கவும் முடியாது.

ஓடிப்போய் யாரிடமாவது சொல்லலாமென்றால், அதுவும் முடியாது. கட்டளை நாளில் பால் வெளியே போகிற வரைக்கும் வீட்டுப் பெண்கள் யாரும் வாசல் தாண்டக் கூடாது. இந்த வீட்டுச் சட்டம். எட்டு மணிக்கு மேளம் வந்து அழைக்கும். அதுவரை வாசல்படி அவளுக்கு மதில் சுவர்தான்.

அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று கணவனுக்குப் போன் போட்டாள். தாலுகா ஆபீஸ் வேலையில் இருந்த கணேஷ் திருவிழா ட்யூட்டிக்குப் போயிருந்தான்.

"ஏங்க, மாமா அந்த மூடையப் பிரிச்சு மயிலைக்கு வச்சிட்டாக."

அந்தப் பக்கம் மைக்கில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குதா?"

"கேக்குது. நீ வாயைத் தொறக்காத லோசி."

"அம்மனுக்குப் போற பாலுங்க!"

"பால்ல எழுதியா ஒட்டியிருக்கு? இன்னைக்கு ஒருநாள் போவட்டும். தாசில்தார் கூப்பிடுதாரு, வைக்கேன்."

வைத்துவிட்டான். பொய்யைப் பெற்றவன் அவன், வளர்க்கிறவள் இவள். லோசினிக்குக் கோபத்தில் கண்ணீர் முட்டியது.

அந்த மூட்டை மேல் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று வாசகர்களுக்குத் தெரியும். பண்ணை மீனுக்கு வழக்கமாகப் போடுகிற தீவனத்தில் சேரும் ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலைந்து கிலோ சாளை மீனைக் கடலிலிருந்து அள்ளி, காயவைத்து அரைக்க வேண்டும். ஏழை வீட்டுக் குழம்புக்குப் போக வேண்டிய மீன். இப்படியே அள்ளினால் கடல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? லோசினியின் தீவனத்துக்காக ஒரு மீனைக்கூடப் பிடிக்க வேண்டாம். ஏற்றுமதிக் கம்பெனிகள் குப்பையில் கொட்டுகிற தலை, முள், குடல். கயிற்றில் கட்டிக் கடலிலேயே வளர்க்கிற பாசி. தவிடு, கொஞ்சம் வெல்லப்பாகு. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு மாமனாரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று குளியலறையில் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருக்கிறாள். 'இதுக்காக ஒரு உசிரும் போகலை மாமா.'

அந்த ஒரு நாள் இப்படி வந்து நிற்கும் என்று யார் கண்டார்கள்?

ஒரு வார்த்தை சொன்னால் வேலை போகும். வேலை என்றால் அவளுக்குச் சம்பளம் மட்டுமில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரைக்கும் அவள் அவளாக இருக்கிற நேரம் அதுதான். சொல்லாவிட்டால், ஏழு நாளாகப் பட்டினி கிடக்கிற அந்த மனுஷன், தன் கையாலேயே அந்தப் பாலைக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவளுக்கு அம்மன் கோபத்தைப் பற்றிப் பெரிய பயமில்லை. அவரை ஏமாற்றுவதுதான் தாங்கவில்லை.

"என்னட்டி, அலமாரிக்குப் பின்னால என்ன செய்ய?"

மாமியார் முத்துமீனாள். அடுப்படி வாசலில் நின்றாள். கையில் தொட்டியிலிருந்து பொறுக்கிய இரண்டு குருணைகள்.

லோசினி போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"மாட்டுத் தொட்டி கழுவப் போனேன். மயிலை வாயில கடக்கரை வாடை அடிக்கு." முத்துமீனாள் குருணையை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தாள். "நான் பொறந்தது எங்கன தெரியுமா? தூத்துக்குடியில. எங்க வீட்டுக்குப் பின்னால கருவாட்டு மூடை அடுக்குத கிட்டங்கி. பதினெட்டு வருசம் இந்த வாடையில சன்னலைச் சாத்திக்கிட்டு வளந்தவ நான். எங்கிட்டயாட்டி மறைக்க?"

"அத்தை..."

"நீ வந்த ரெண்டாம் மாசமே தெரியும். ஒஞ் சுடிதாரை ஊறப்போட்டா வாளித் தண்ணியே சொல்லுதே. பையன் ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டான், போயிட்டுப் போவுதுன்னு தனியா அலசிப் போட்டேன். இப்பம் சாமி பால் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டியே, பாவி!"

எட்டு மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக லோசினி நினைத்திருந்தாள். பரிமாறினவளுக்கு அது இரண்டாம் மாதமே தெரிந்திருக்கிறது!

"நான் மாமாட்ட சொல்லிருதேன் அத்தை."

"வாயை மூடு. ஏழு நாளா அன்னந்தண்ணி ஒழுங்கா இல்லாத மனுசன். கேட்ட எடத்துலயே சாஞ்சா யாரு பதில் சொல்ல?" முத்துமீனாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னைக்கு நான் காப்பாத்துதேன். குடத்துப் பாலைத் தென்னை மூட்டுல ஊத்திட்டு வேற பால் மாத்தி வைக்கேன். ஆனா ஒண்ணு."

"என்ன அத்தை?"

"நாளையில இருந்து நீ அந்த வேலைக்குப் போகக் கூடாது. இப்பமே எழுதி அனுப்பு. என் கண்ணு முன்னால."

"இன்னும் ஆறு நாள்ல சோதனை முடியுது அத்தை. மூணு மாசமா வெயில்ல கெடந்து..."

"அப்பம் நீயே போய் அவர்ட்ட சொல்லு. போ."

கொல்லைப்புறக் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "சங்கரா... நாராயணா..." என்று மாமனாரின் குரல். லோசினி அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே போனை எடுத்தாள். மேனேஜர் அப்ரீன் பானுவின் பெயரைத் தேடினாள். 'மேடம், குடும்பச் சூழ்நிலை காரணமாக நாளை முதல் வேலைக்கு வர இயலாது. மன்னிக்கவும்.' விரல் நின்றது.

"அனுப்பு."

அனுப்பினாள். போனைக் கவிழ்த்து அலமாரியில் வைத்தாள்.

முத்துமீனாள் மளமளவென்று காரியத்தில் இறங்கினாள். குடத்துப் பால் தென்னை மரத்தடிக்குப் போயிற்று. சேலைத் தலைப்புக்குள் தூக்குவாளியை மறைத்துக்கொண்டு, கொல்லைக் கதவைத் திறந்தாள். முப்பத்திரண்டு வருடமாகக் கட்டளை நாளில் வாசல் தாண்டாதவள், இன்று கொல்லை வழியாகத் தாண்டினாள். ஐந்து நிமிடத்தில் திரும்பியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை.

"நம்ம தெரு பாலம்மா வீட்டுப் பாலு. அவளும் நம்ம ஆளுதான், சுத்தமான பசு. எங்க பாலுல பல்லி விழுந்துட்டுன்னு சொல்லி வாங்கியாந்தேன்." குடத்தைத் தேய்த்துக் கழுவி நிறைத்து, புது வாழையிலையைக் கட்டினாள். "அம்மா தாயே, எங் குடும்பத்தைக் காப்பாத்து. குத்தமெல்லாம் என் தலையோட போவட்டும்."

அத்தையும் தன்னைப்போலவே மாட்டிக்கொண்டவள்தான் என்று லோசினிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் அந்த நேரத்தில் இரக்கம் வரவில்லை. போனது தன் வேலையல்லவா!

ஏழே முக்காலுக்குப் போன் அடித்தது. செல்லப்பா.

"மேடம், செல்லப்பா பேசுதேன்! விடியக்காலமே வந்து வலை இழுத்துட்டோம். ரெண்டாவது குளத்து விராலைப் பாக்கணுமே நீங்க! ஒவ்வொண்ணும் முதக் குளத்து மீனை விட நல்ல கனம். நான் ரெண்டு தடவை தராசைச் சரிபாத்தேன். மூணு மாசத்துல எட்டு மீனுதான் செத்துருக்கு."

ரெண்டாவது குளம். பச்சை நூல். அவளுடைய தீவனம்.

"ஏ மேடம், இப்பமாவது சொல்லுங்க, அதுல என்னதான் போடுதீய? ஊர்ல எல்லாரும் கேக்கான். தீவனம் இன்னைக்கோட தீந்துட்டு, மூடை எப்பம் வரும்?"

"சொல்லுதேன் அண்ணாச்சி," என்றாள் லோசினி. ஜெயித்த செய்தி வந்து சேர்வதற்குள் ஆட்டத்திலிருந்தே விலகியாகிவிட்டது. போனை வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்தாள்.

தெருமுனையில் தவில் சத்தம் கேட்டது.

தில்லைநாயகம் பூஜை அறையிலிருந்து வந்தார். பட்டு வேட்டி, இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் விபூதி, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். வாசலில் மேளக்காரர்களும் தெருக்காரர்களும் கூடியாயிற்று.

"அண்ணாச்சி, கிளம்பலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இந்தா வந்துட்டேன்." வாசல்படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி மருமகளைப் பார்த்துச் சிரித்தார். "சொல்ல மறந்துட்டேன் தாயி. ஒந் தீவனத்துக்குத் தெருவெல்லாம் ஒரே கிராக்கி. பாலம்மா வீட்டுக்காரரு நேத்து காலையிலேயே வந்து ஒரு பை அள்ளிட்டுப் போனாரு. அவுக பசுவும் ரெண்டு நேரமா ஒரு பருக்கை விடாமத் தின்னுருக்கு. ராத்திரி வந்து சொல்லிட்டுப் போனாரு, 'ஒம்ம மருமக கைராசிக்காரி வே'ன்னு!"

லோசினி அத்தையைப் பார்த்தாள். முத்துமீனாளின் முகத்தில் ரத்தமே இல்லை.

கொட்டிய பாலும் அதுதான். மாற்றிய பாலும் அதுதான். நடுவில் போனது ஒரு வேலை.

இனி எதைக் காப்பாற்ற வாயை மூடுவது?

"மாமா, அந்தப் பாலைக் கீழ வைங்க."

முத்துமீனாள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"என்னட்டி?" என்றார் தில்லைநாயகம்.

"நான் மாட்டுத் தீவனக் கம்பெனியில வேலை பாக்கல மாமா. அது மீன் தீவனம்."

அவர் கடகடவென்று சிரித்தார்.

"மீனுக்குப் போடுத தீவனமா? இதுக்கா மூஞ்சி இப்பிடி வெளிறிப்போயிருக்கு? தெப்பக்குளத்து மீனுக்கு நாம பொரி போடலையா? மீனுக்குச் சோறு போடுதது புண்ணியம்லா! இதைப் போயி எட்டு மாசம் மறைச்சானா அந்தப் பய? வரட்டும், நல்லா நாலு கேக்கேன்."

அவ்வளவுதான். கதவு தானாகத் திறந்துவிட்டது. பொரி, தவிடு, புண்ணாக்கு. மீனுக்கு என்ன போடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். முத்துமீனாளின் பிடி தளர்ந்தது.

"ஆமா, அம்புட்டுத்தான் விசயம்," என்றாள் அவசரமாக. "நேரமாவுது, நீங்க கிளம்புங்க."

ஒன்றும் சொல்லாமல் நின்றால் போதும். வேலையைக்கூடத் திரும்பக் கேட்டு வாங்கிவிடலாம். மாமாவே சரி என்பார். லோசினி அவரைப் பார்த்தாள். ஏழு நாள் பட்டினியில் விலா எலும்பு எண்ணலாம்போல் இருந்தது. அந்தத் தோள் மேல் குடம்.

"பொரி இல்ல மாமா." என்றாள் லோசினி. "மீன் தலை, முள்ளு, குடலு. அதை அரைச்சுத்தான் செய்யுதோம். மயிலை தின்னது அதைத்தான். அந்தப் பாலை அத்தை கொட்டிட்டாக. இப்பம் ஒங்க தோள்ல இருக்கது பாலம்மா அத்தை வீட்டுப் பாலு. அந்தப் பசு தின்னதும் அதைத்தான்."

தில்லைநாயகம் குடத்தை மெதுவாக, ஒரு சொட்டுத் தளும்பாமல் இறக்கி, வாசல்படிக்கு உள்பக்கமாக வைத்தார். மனைவியைப் பார்த்தார்.

"ஒனக்கும் தெரியும்."

முத்துமீனாள் தலை குனிந்தாள்.

வெளியே நாகஸ்வரம் ஒரு சுற்று முடித்து நின்றது. "அண்ணாச்சி, நேரமாச்சே!" என்று மறுபடி குரல் வந்தது. தில்லைநாயகம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம வீட்டோட, பாலம்மா வீட்டோட நின்னாப் பரவால்லையே தாயி," என்றார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. "நீ மூடை எங்கனன்னு கேட்டேல்லா? பத்திரமா இருக்குன்னு சொன்னேன். மயிலைக்கு ரெண்டு படி எடுத்து வச்சுட்டு, மிச்சம் அம்புட்டையும் நேத்து சாயங்காலம் கோயில் மடத்து மாட்டுக்கொட்டடிக்குக் கொடுத்து விட்டேன். மருமக பேரால தருமம்னு சொல்லி. பதினெட்டு மாடு. திருவிழா முடியுத மட்டும் மத்த நாளுக்கெல்லாம் அங்கன இருந்துதான் அம்மனுக்குப் பாலு."

லோசினி கணக்குப் போட்டாள்: நேற்று சாயங்காலமே அந்த மாடுகளும் தின்றிருக்கும்.

தில்லைநாயகம் இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். விபூதி கலைந்தது. மேளக்காரர்களை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வெறுங்கையோடு தெருவில் இறங்கினார். இறங்கியவர் நின்று திரும்பினார்.

"வா."

"நானா மாமா? பால் போகாம வாசல்..."

"வா தாயி. நான் மூடையைக் கொடுத்தவன். அதுல என்ன இருக்குன்னு மடத்துல கேப்பாக. அதை நீதான் சொல்லணும்."

கூடியிருந்த தெரு முழுக்க அவளையே பார்த்தது. பாலம்மாள் தன் வீட்டு நடையில் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்து எட்டிப் பார்த்தாள். காலையிலிருந்து எந்த வாசல்படியை எப்படித் தாண்டுவது என்று தவித்தாளோ, அதே வாசல்படியில், பால் குடத்துக்குப் பக்கத்தில், லோசினி செருப்பைத் தேடிக்கொண்டு நின்றாள்.